நெல் போகம் முடிந்தும் தீராத களைப்பு: பணிச்சோர்வின் முதல் அறிகுறிகளைக் கண்டறிவது எப்படி

காவிரிப் படுகையில் வேலை ஆண்டு முழுவதும் ஒரே அளவாக வருவதில்லை. வழக்கமான ஆண்டில் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, கல்லணையைத் தாண்டித் தண்ணீர் வாய்க்கால்களில் ஏறிய நாளிலிருந்து நாற்றங்கால், நடவு, களை, உரம் என்று குறுவை விரட்டும். குறுவை அறுப்பும் சம்பா, தாளடி நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் பார்த்தே பல இரவுகள் கழியும். தை, மாசியில் அறுவடையும் கொள்முதலும் சேர்ந்துகொண்டு ஊரைத் தூங்கவிடாது. இந்த ஓட்டம் விவசாயியோடு நிற்பதும் இல்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்துச் செயலாளர், பயிர் விவரப் பதிவான அடங்கல் எழுதித் தரும் கிராம நிர்வாக அலுவலர், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர், உரக்கடைக்காரர், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர், அரிசி ஆலைக் கணக்கர் என்று எல்லோருடைய நாட்களும் நெல்லை ஒட்டியே நகர்கின்றன. அதனால் மாசி மாதத்தில் ஒருவர் “உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது” என்று சொன்னால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கேட்பவருக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பணிச்சோர்வு இந்தப் பொதுவான களைப்புக்குள் ஒளிந்துகொண்டு தொடங்குவதால்தான் அதை முதலிலேயே கண்டுபிடிப்பது கடினமாகிறது. பருவத்தின் களைப்பையும் பணிச்சோர்வையும் பிரித்தறிய இந்த மண்ணிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. களைப்புக்குக் காரணமான வேலை ஓய்ந்த பிறகு களைப்பும் ஓய்கிறதா என்று பார்க்க வேண்டும். கொள்முதல் முடிந்து, சாக்குக் கணக்கு ஒப்படைத்து, உளுந்தும் பறித்து முடித்து, சித்திரை வெயிலில் ஊர் சற்றே அடங்கியிருக்கும் வாரங்களில் பத்து நாள் நன்றாகத் தூங்கியும் ஒருவருக்கு வேலையை நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு கனக்கிறது என்றால், அது போன பருவத்தின் மிச்சக் களைப்பாக இருக்க வாய்ப்பில்லை. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் மற்ற அடையாளங்கள் எல்லாம் இந்த ஓர் அளவுகோலுக்குத் துணையாக வருபவை.

இதில் ஒரு விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆழ்துளைக் கிணறும் பம்புசெட்டும் உள்ளவர்கள் கோடையிலும் நெல் போடுகிறார்கள். அவர்களுக்குச் சித்திரையிலும் ஓய்வு கிடையாது. சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்காகக் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீட்டு மாடியில் மடிக்கணினியோடு அமர்ந்திருப்பவருக்குப் பருவம் என்ற ஒன்றே இல்லை. இவர்கள் தமக்குக் கிடைக்கும் அடுத்த நீண்ட விடுமுறையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு விடுமுறை எப்போது வரும் என்று யோசித்தும் விடை கிடைக்கவில்லை என்றால், அதையே முதல் அடையாளமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பணிச்சோர்வு என்று எதைச் சொல்கிறோம்

ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்று அழைக்கப்படும் இந்த நிலையை 1974-இல் உளவியல் கட்டுரையாக எழுதியவர் நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். சம்பளத்தைப் பெரிதாக எண்ணாமல், பிறருக்கு உதவ வேண்டும் என்ற ஆர்வத்தோடு வந்தவர்களே சில காலத்தில் வறண்டு, எரிச்சல் மிகுந்தவர்களாக மாறுவதை அவர் அங்கே கண்டார். சோம்பேறிக்குப் பணிச்சோர்வு வருவது அரிது. வேலையைத் தன் வேலையாக நினைத்து இழுத்துப்போட்டுக்கொண்டு செய்பவருக்கே அது முதலில் வருகிறது. பின்னர் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை மூன்று கூறுகளாகப் பிரித்தார்; 1981-இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து இதை அளக்கும் கேள்வித்தாளையும் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பில் ஏறத்தாழ அதே மூன்றையும் எடுத்துக்கொண்டது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்பு ஏற்படுதல், செய்யும் வேலையில் திறன் குறைதல் ஆகியவையே அந்த மூன்று. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தப் பதிப்பு, பணிச்சோர்வை நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிலையாகவே குறிப்பிடுகிறது.

இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே நம்மவர்கள் அடையாளமாகக் கொள்கிறார்கள். ஆனால் நெல்லோடு வாழும் ஊரில் களைப்பை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. ஆகவே இரண்டாவதிலிருந்து தொடங்குவதே இங்கு பயன் தரும் என்பது என் கருத்து.

எதிரில் நிற்பவரிடம் தெரியும் மாற்றம்

ஒரு கிராம சுகாதார செவிலியரை எடுத்துக்கொள்வோம். துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஊர்களில் யார் எத்தனையாவது மாதம், யாருக்கு முதல் பிரசவத்தில் அறுவை நடந்தது, யாருடைய மாமியார் இரும்புச்சத்து மாத்திரையைப் பரண்மேல் போட்டுவைக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, “என்னம்மா, காலு வீங்கியிருக்கா, செருப்பைக் கழட்டிக் காட்டு” என்று கேட்டுவிட்டே நகர்பவர். சில மாதங்களில் அவர் பேச்சு மாறுகிறது. “அந்த எட்டாம் மாசக் கேஸ்” என்கிறார், பெயர் வருவதில்லை. நேரில் போக வேண்டிய இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, இரத்த அழுத்த எண்ணைப் பழைய பதிவைப் பார்த்து நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. பதிவேடு முழுமையாக இருப்பதால் மேலதிகாரிக்கு எதுவும் தெரியாது. தெருவில் நிற்கும் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும்: “முன்னல்லாம் சிஸ்டர் நின்னு பேசுவாங்க.”

இந்தச் செவிலியர் கெட்டவராகிவிடவில்லை. ஒவ்வொருவர் துயரத்தையும் உள்ளே வாங்கிக்கொள்ள இடமில்லாதபோது, மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மனிதரை எண்ணாகவும் கேஸாகவும் மாற்றிக்கொள்கிறது. எனவே உங்கள் வேலையில் எதிரில் நிற்பவரை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள் என்பதை ஒரு வாரம் கூர்ந்து கவனியுங்கள். ஆசிரியராக இருந்தால், வகுப்பில் பின்வரிசைப் பையன் பெயர் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று யோசியுங்கள். உரக்கடை வைத்திருப்பவராக இருந்தால், இலையைக் கையில் கொண்டுவந்து “இது என்ன பூச்சிங்க” என்று கேட்பவருக்கு அதை வாங்கிப் பார்த்துப் பதில் சொல்கிறீர்களா, பார்க்காமலே ஒரு டப்பாவை எடுத்து நீட்டுகிறீர்களா என்று பாருங்கள். ஒரு நாள் அப்படி நடந்தால் அதற்கு நூறு காரணம் இருக்கும். அதுவே வழக்கமாகி, அதைப் பற்றிய உறுத்தலும் நின்றுவிட்டால் அறிகுறி உறுதிப்படுகிறது. உறுத்தல் இருக்கும்வரை தொடக்க நிலை என்றே கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் பிடித்துக்கொண்டால் மீள்வது எளிது.

கசப்பு நகைச்சுவையின் உருவத்திலும் வரும். தேநீர்க் கடையில் அலுவலகத்தைக் கிண்டல் செய்யாத ஊழியர் யார்? எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் கிண்டலால் கெடுதி இல்லை. ஒருவர் மட்டும் “எவனுக்காகச் செய்யறது, எதுக்காகச் செய்யறது” என்ற ஒரே வரியைச் சுற்றிச் சுற்றிப் பேசி, கேட்பவர்கள் சிரிக்க முடியாமல் டம்ளரைப் பார்க்கத் தொடங்கினால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு மாலைப்பொழுது

வேலைப்பளு அதிகமானால் பணிச்சோர்வு வரும் என்பது பாதி உண்மைதான். மாஸ்லாக்கும் இன்னோர் உளவியலாளரான மைக்கேல் லீட்டரும் வேலையில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: பளு, தன் கையில் உள்ள அதிகாரம், கிடைக்கும் பலனும் மதிப்பும், உடன் பணிபுரிவோருடனான உறவு, நியாயம், மனத்துக்கு ஒப்பும் நெறி. இந்த ஆறையும் ஒரே இடத்தில் காண விரும்புபவர் தை மாதத்தில் ஏதேனும் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் போதும்.

களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் குவியல் குவியலாக நெல் கிடக்கிறது. பட்டியல் எழுத்தர் கையில் ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் போடுகிறார். வழக்கமான வரம்பு 17 சதவீதம். கருவி அதற்குமேல் காட்டுகிறது. நெல்லுக்குச் சொந்தக்காரர், “நேத்து காய வச்சுதான்யா கொண்டாந்தேன், ராத்திரி பனி” என்கிறார். அவர் சொல்வது உண்மை என்று எழுத்தருக்கும் தெரியும். வரம்பைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் இல்லை. அது மத்திய அரசு அனுமதித்து, மேலிருந்து உத்தரவாக இறங்கிவர வேண்டியது. சாக்கு இன்னும் வரவில்லை. பிடித்து அடுக்கிய மூட்டைகளை ஏற்ற லாரி வரவில்லை. லாரி வராததால் களத்தில் இடம் இல்லை. இடம் இல்லாததால் அடுத்தவர் நெல்லை எடைபோட முடியவில்லை. மேற்கே மேகம் கறுக்கிறது. மூட்டைக்கு 40 கிலோ கணக்கில் எடை குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். நனைந்தாலும் அவரே பதில் சொல்ல வேண்டும். சுமை தூக்குபவர்களுக்குக் கூலி பற்றிய சண்டை தனியாக நடக்கிறது. இத்தனைக்கும் அவர் பருவகாலப் பணியாளராக இருந்தால், அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்பதே உறுதி இல்லை.

இவருடைய பணிச்சோர்வுக்கு மூட்டைகளின் எண்ணிக்கை காரணமாக இருப்பதைவிட, பொறுப்பு தலைமேலும் முடிவெடுக்கும் உரிமை எங்கோ தொலைவிலும் இருப்பது பெரிய காரணம். அதே ஊரில் தன் வயலில் அதைவிட நீண்ட நேரம் உழைக்கும் ஒருவர் சோர்ந்து விழுந்து உறங்கி மறுநாள் எழுந்துகொள்வார். எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது அறுப்பது என்பதில் அவர் சொல்லுக்கு ஓரளவாவது இடம் இருக்கிறது. (மழையும் விலையும் அவர் கையில் இல்லை என்பது வேறு, அதனால்தான் விவசாயிக்கும் இது வருகிறது.) ஆகவே உங்களுக்கு அறிகுறிகள் தென்படத் தொடங்கினால், ஆறு இடங்களில் எது கசிகிறது என்று தேடுங்கள். பளுதான் காரணம் என்றால் விடுப்பு உதவும். அதிகாரமோ நியாயமோதான் காரணம் என்றால், விடுப்பு முடிந்து திரும்பிய முதல் மணி நேரத்திலேயே பழைய கனம் வந்து உட்கார்ந்துவிடும். இந்த வேறுபாட்டை அறியாமல் விடுப்புக்கு மேல் விடுப்பு எடுத்து, “எனக்கு எதுவும் சரிப்படவில்லை” என்று தம்மையே நொந்துகொள்பவர்கள் பலர்.

உடலும் பழக்கமும் காட்டும் அடையாளங்கள்

உடல் முன்கூட்டியே சொல்லிவிடும். அது சொல்வதை வேறு கணக்கில் எழுதுவது நம் பழக்கம். படுத்தவுடன் தூங்கிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, மறுநாள் செய்ய வேண்டியதை மனத்துக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பது, பின்கழுத்து இறுக்கம், வாரத்தில் பல நாள் தலைவலி, நெஞ்செரிச்சல், வேலைக்குக் கிளம்பும் காலையில் மட்டும் வயிற்றைக் கலக்குவது, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனதும் காரணமில்லாமல் மனம் சுருங்குவது ஆகியவை பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றில் எது இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதே முக்கியம். விடுமுறை நாளில் மறைந்து, வேலை நாளில் திரும்பினால் அது வேலையைச் சுட்டுகிறது.

வேலைத்திறன் குறைவதும் சிறிய இடங்களிலேயே தெரியும். நாற்பது ஆண்டுக் கணக்கைத் தலையில் வைத்திருந்த சங்கச் செயலாளர் சர்வே எண்ணை இடம்மாற்றி எழுதுகிறார். பூட்டிய அலமாரியை மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிறார். ஒரு கடிதத்தைத் தொடங்கி, பாதியில் வேறொன்றை எடுத்து, மாலையில் இரண்டும் முடியாமல் மேசைமேல் கிடக்கின்றன. அதை ஈடுகட்ட இன்னும் ஒரு மணி நேரம் உட்காருகிறார். மறுநாள் இன்னும் பிழை கூடுகிறது. கூடுதல் நேரம் உட்கார்ந்தும் முடியும் வேலை குறைந்துகொண்டே வருவது தெளிவான எச்சரிக்கை. நேரத்தைக் கூட்டுவதற்கு வேறொரு விலையும் உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. கொள்முதல் காலத்திலும் பொதுத்தேர்வு காலத்திலும் வேளாங்கண்ணித் திருவிழாப் பந்தோபஸ்திலும் இந்த மணிக்கணக்கை எளிதில் தாண்டிவிடுகிறோம். சில வாரங்கள் தாண்டுவதைவிட, பருவம் முடிந்த பிறகும் கீழே இறங்காமல் இருப்பதே கவலைக்குரியது.

பழக்கங்களைப் பொறுத்தவரை அதிகம் விளக்கத் தேவையில்லை. தேநீர் எண்ணிக்கை ஏறுவது, நிறுத்திய சிகரெட் திரும்பி வருவது, சனிக்கிழமை மட்டும் என்றிருந்த குடி புதன்கிழமைக்கு வருவது, கண் எரிய எரியக் கைப்பேசியில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருப்பது ஆகியவற்றை வீட்டில் உள்ளவர்கள் உங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்கள்.

மூன்று வாரம் எழுதிப் பாருங்கள்

நினைவை நம்பி இதை முடிவுசெய்ய முடியாது. சோர்ந்த மனம் கடந்த மாதம் முழுவதையும் ஒரே இருட்டாகக் காட்டும். சுவரில் மாட்டியிருக்கும் மாத நாட்காட்டியின் கட்டங்களே இதற்குப் போதும். ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் அன்றைய கட்டத்தில் மூன்று குறிப்புகள் இடுங்கள். காலையில் எழுந்தபோது உடல் தெளிந்திருந்ததா என்பதற்கு ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி. வேலை இடத்தில் யார்மீதாவது தேவைக்கு மேல் எரிந்து விழுந்தீர்களா, அல்லது வேண்டுமென்றே ஒருவரைத் தவிர்த்தீர்களா என்பதற்கு ஒரு குறி. அன்று செய்ததில் ‘இதை ஒழுங்காகச் செய்தேன்’ என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தால் அதற்கு ஒரே ஒரு சொல். வாக்கியம் எழுதத் தொடங்கினால் நான்காம் நாளே நின்றுவிடும். ஆகவே குறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று வாரத்துக்குள் குறைந்தது ஒரு முழு ஓய்வு நாளாவது வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைத் தொலைபேசியை எடுக்காத நாளையே ஓய்வு நாள் என்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தபடி வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை அனுப்பிய நாள் அதில் சேராது. ஓய்வு நாளுக்கு மறுநாள் காலைக் கட்டம்தான் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் கட்டம். அங்கே கூட்டல் குறி இருந்து, வார நடுவில் கழித்தலாக இறங்கினால் உடல் களைத்திருக்கிறது. ஓய்வைக் கூட்டினால் சரியாகும். ஓய்வுக்குப் பிறகும் கழித்தல் குறியே நிற்கிறது, இரண்டாவது குறி பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்கிறது, மூன்றாவது இடம் தொடர்ந்து வெறுமையாகக் கிடக்கிறது என்றால் மூன்று கூறுகளும் ஒன்றாகக் கூடத் தொடங்கிவிட்டன. இது மருத்துவச் சோதனை அன்று. ஆனால் அடுத்து யாரிடமாவது பேசும்போது, “என்னமோ தெரியவில்லை, சரியில்லை” என்று திணறாமல் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

வேறு எதுவாகவும் இருக்கலாம்

எல்லாச் சோர்வையும் பணியின் தலையில் கட்டுவதும் தவறுதான். இரத்தசோகை நம் பெண்களிடம் மிகப் பரவலானது. தைராய்டு குறைவு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பி12 பற்றாக்குறை, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கக் கோளாறு ஆகிய ஒவ்வொன்றும் இதே அசதியைத் தரும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து முடிவுக்கு வருமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வீட்டு வேலை, வயல் வேலை, படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்குப் பணிவிடை என்று மூன்றையும் சுமக்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது; அவர்களுடைய உழைப்பைப் பணி என்று யாரும் எழுதிவைப்பதில்லை என்பதால், அவர்கள் சோர்வுக்கும் பெயர் கிடைப்பதில்லை.

மனச்சோர்வு நோய்க்கும் பணிச்சோர்வுக்கும் இடையே உள்ள எல்லை மங்கலானது. இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். ஆனாலும் ஒரு பொதுவான வேறுபாடு உண்டு. பணிச்சோர்வின் தொடக்கத்தில் வெறுப்பு வேலையோடு நிற்கும்; பேத்தியைத் தூக்கிக்கொண்டால் முகம் மலரும், திருவாரூர்த் தேர் என்றால் வடம் பிடிக்கக் கால் போகும். அந்த மகிழ்ச்சிகளும் ஒவ்வொன்றாக வற்றி, பசியும் உறக்கமும் கெட்டு, தன்னைப் பாரம் என்று ஒருவர் எண்ணத் தொடங்கினால் அதைப் பணிச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்துவிட்டால் அன்றே பார்க்க வேண்டும். அவரைத் தனியே விடாதீர்கள். வயல் உள்ள வீடுகளில் பூச்சிமருந்தும் எலிமருந்தும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது வழக்கம்; அவற்றை உடனே வீட்டைவிட்டு அகற்றி, வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை உண்டு.

ஏழரைச் சனி என்று சொல்லித் திருநள்ளாற்றுக்குப் போய் நளன் குளத்தில் குளித்துவிட்டு வருவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். வேலையை மறந்து குடும்பத்தோடு ஒரு நாள் போய்வருவதே பலருக்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே முழு ஓய்வு. ஆனால் திரும்பி வந்த மறுநாள் காலையில் நாட்காட்டிக் கட்டத்தில் என்ன குறி விழுகிறது என்பதையும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரிடம் கண்டால் எப்படிச் சொல்வது

பணிச்சோர்வு வந்தவரைவிட அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே அது முதலில் தெரியும் என்பதால், சொல்லும் பொறுப்பும் பெரும்பாலும் மற்றவர்மீது விழுகிறது. “நீங்க முன்ன மாதிரி இல்ல” என்று தொடங்கினால் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும்; “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். “என்னங்க, இந்த வாரம் மூணு நாளா மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வருது. ராத்திரியும் எழுந்து திண்ணையில உக்காந்துக்கறீங்க. என்னன்னு கேக்கல, பாத்துட்டுதான் இருக்கேன்” என்று ஒரு மனைவி சொன்னால் அதை மறுக்க இடமில்லை, விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் அன்றைக்கே பேசாவிட்டாலும் இரண்டு நாள் கழித்துப் பேசுவார். அலுவலகத்தில் மூத்தவரிடம் சொல்வதாக இருந்தால் பலர் முன்னிலையில் சொல்லாதீர்கள். பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடக்கும்போது, “சார், இந்த மாசப் பட்டியல நான் பாத்துக்கறேன், நீங்க சரிபார்த்தா போதும்” என்று ஒரு வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு தொடங்குவது பலன் தரும். ஆறுதல் சொல்வதையும், “எங்க காலத்துல இதைவிட ரெண்டு மடங்கு பாத்தோம்” என்று ஒப்பிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது, பேசத் தொடங்கியவர் வாயையும் அடைத்துவிடும்.

பிறரை வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பதிவேடுகளே போதிய தகவலைத் தரும். ஒருபோதும் விடுப்பு எடுக்காதவர் திங்கட்கிழமைகளில் மட்டும் அரைநாள் விடுப்பு கேட்பது, கூட்டத்தில் முதல் ஆளாகக் கருத்துச் சொன்னவர் சில மாதங்களாக வாய் திறக்காமல் இருப்பது, பொதுமக்களிடமிருந்து ஒருவர்மீது மட்டும் திடீரென்று புகார்கள் கூடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புமுன் அவரை அழைத்து, வேலையில் எந்த இடம் அழுத்துகிறது என்று கேட்டுவிட வேண்டும். பதிலாக வருவது பெரும்பாலும் சிறிய, செய்து தரக்கூடிய ஒன்றாகவே இருக்கும். களத்தில் விவசாயிகளோடு மல்லுக்கு நிற்பதும் இரவில் கணக்கு முடிப்பதும் ஒரே ஆளிடம் இல்லாதபடி இருவருக்குள் வாரம் மாற்றிக்கொள்ள விடுவது, லாரி எப்போது வரும் என்பதை முந்தின நாள் மாலையே சொல்லிவிடுவது, இரவு ஒன்பது மணிக்குமேல் குழுவில் அறிக்கை கேட்காமல் இருப்பது போன்றவற்றுக்கு மேலிடத்து உத்தரவு எதுவும் தேவையில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன், நிலையங்களுக்கு ஆள் ஒதுக்கும்போதே அவற்றை முடிவுசெய்துவிடலாம்.